ஆட்டத்தைச் சுமந்த பை



ஆடுபுலி ஆட்டத்துக்கு நம் முன்னோர் பை தேடவில்லை. கட்டம் கோயில் தரையிலும் பாறையிலும் இருந்தது. 3 புலிக்கும் 15 ஆட்டுக்கும் கல்லும் கொட்டையும் போதும். பல்லாங்குழி ஊர்விட்டு ஊர் போக, 14 குழிப் பலகையை நடுவில் மடித்து, சோழியை உள்ளேயே அடைத்தார்கள்.

சதுரங்கத்துக்கோ 32 காய். தேவனூர் நாட்டுப் பிள்ளைகளுக்காக நாமக்கல்லிலிருந்து 4 செட் கொண்டுபோனேன். விலை மலிவென்று வாங்கிய பை. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாங்கியது. பஸ்ஸைவிட்டு இறங்கும்போது வார் அறுந்தது. யானை ஒன்று பள்ளத்தில் உருண்டு போயிற்று. ஒரு மாணவி அந்த இடத்தில் காப்பிக்கொட்டையை வைத்து ஆடினாள், ஜெயித்தாள்.

பிறகு வாங்கியது தடித்த கான்வாஸ் பை. வாரில் இரட்டைத் தையல், காய்களுக்குத் தனிச் சுருக்குப்பை. இன்றும் உழைக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குப் பை வாங்கும்போது முதலில் வாரை இழுத்துப் பாருங்கள்.

காப்பிக்கொட்டையால் ஜெயித்தவளே, இதைப் படிக்கிறாயாம்மா?