உற்றாரும் குற்றாலமும்: தென்காசி வட்டாரச் சைவ மரபில் உள்ளமும் வழிபாடும்

ஆய்வுச்சுருக்கம்

வழிபாடு உள்ளத்தைச் செம்மை செய்யும் என்பது பத்தி இலக்கியத்தின் அடிப்படைக் கருத்து. அச்செம்மையை எவ்வாறு அறிவது என்னும் வினாவுக்குத் தென்காசி, குற்றாலம் சார்ந்த சைவப் பாடல்களும் கல்வெட்டுப் பாடல்களும் தனித்ததொரு விடையைத் தருகின்றன. ஒருவன் யாரைத் தன் உற்றாராகக் கொள்கிறான் என்பதில் நிகழும் மாற்றமே அவ்விடை. நாவுக்கரசர், மாணிக்கவாசகர் பாடல்கள் தொடங்கிப் பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டுப் பாடல்கள் வரை இக்கருத்து செல்லும் வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குற்றாலம், தென்காசி, பராக்கிரம பாண்டியன், திருஅங்கமாலை, திருப்புலம்பல், கல்வெட்டுப் பாடல்

முன்னுரை

தென்காசியும் குற்றாலமும் சிற்றாற்றின் கரையில் ஒன்றையொன்று அடுத்து அமைந்த ஊர்கள். குற்றாலம் தேவாரக் காலத்திலேயே புகழ்பெற்ற மலைத்தலம். தென்காசி விசுவநாதர் கோயிலோ 15ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஒன்று பாடலால் பெயர் பெற்றது. மற்றொன்று ஓர் அரசன் தன் விருப்பத்தால் எழுப்பியது. ஆய்வாளர் பெரும்பாலும் முன்னதை இலக்கிய வரலாற்றிலும் பின்னதை அரசியல் வரலாற்றிலும் வைத்துப் பேசுவர். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் ‘உள்ளம்’ என்ற சொல்லுக்கு இவ்வட்டாரம் தந்த பொருள் தெளிவாகிறது.

குற்றாலத்தைக் காணாமல் பாடியவை

திருஞானசம்பந்தர் இத்தலத்திற்கு இரண்டு பதிகங்கள் பாடியுள்ளார். ஒன்று குற்றாலத்தைப் பற்றியது. மற்றது தலமரமான குறும்பலாவைப் பற்றியது. மலைச்சாரல், வேங்கை, வண்டின் இசை என இயற்கையை அடுக்கிச் செல்லும் குற்றாலப் பதிகத்தில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவர் இறைவனை நோக்கிப் பேசவில்லை. தம்மைச் சேர்ந்தவர்களை அழைத்து, இதுவே அவன் இருக்கும் ஊர் என்று காட்டுகிறார். பாடலைக் கேட்பவர் அனைவரும் அவருக்கு நம்மவர் ஆகின்றனர்.

நாவுக்கரசருக்குக் குற்றாலத்தின்மேல் தனிப்பதிகம் எதுவும் இன்று கிடைக்கவில்லை. ஆயினும் எத்தலத்திற்கும் உரியதாகாத பொதுப்பதிகமான திருஅங்கமாலையில் குற்றாலத்தின் பெயர் வருகிறது. தலை வணங்குவதற்கு, கண் காண்பதற்கு, செவி கேட்பதற்கு என ஒவ்வோர் உறுப்பிற்கும் அது செய்யவேண்டிய பணியைச் சொல்லிச் செல்லும் பதிகம் அது. நெஞ்சு அங்கே ஆறாவதாக, வாய்க்கும் கைக்கும் நடுவே வருகிறது. இவ்வரிசை எண்ணிப் பார்க்கத்தக்கது. நெஞ்சைத் தலைவனாகவும் பிற உறுப்புகளை ஏவலராகவும் அவர் வைக்கவில்லை. நெஞ்சும் பழக்கினால் பழகும் ஓர் உறுப்பு. கை கூப்பப் பழகுவதுபோல அதுவும் நினைக்கப் பழக வேண்டும். பத்தி என்பது உள்ளத்தில் தானே ஊறும் உணர்ச்சி மட்டுமே என்று கொள்வோர் இப்பதிகத்தின் அமைப்பை மீண்டும் நோக்குதல் நன்று.

உறுப்புகள் முடிந்தபின்னரே உற்றார் பற்றிய பாடல் வருகிறது. உயிர் பிரியும் பொழுதில் குற்றாலத்துக் கூத்தனையன்றி நமக்கு உறவு யார் என்பது அப்பாடலின் வினா. உறுப்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தபின் எஞ்சுவது எது என்று கேட்பது போன்ற இடம் அது.

மாணிக்கவாசகரின் திருப்புலம்பலிலும் குற்றாலம் இதே சூழலில் வருகிறது. அப்பதிகம் திருவாரூரில் பாடப்பெற்றதாக மரபு கூறும். உறவினரும் வேண்டா, ஊரும் பெயரும் வேண்டா, கற்றவரும் வேண்டா, கற்றதும் போதும் என்று ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுக் குற்றாலத்துக் கூத்தனிடம் அவர் கேட்பது ஒன்றே: கன்றை ஈன்ற பசுவின் மனம்போலத் தம் மனம் உருக வேண்டும். கூர்ந்து நோக்கினால் இதில் ஒரு முரண் தெரியும். உறவை விலக்கியவர் தம் உள்ளத்துக்கு உவமையாக எடுத்துக்கொண்டது உறவுகளில் மிக நெருங்கிய தாய்மையை. மனம் கல்லாகிவிட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. உறவின் உருக்கம் அப்படியே இருக்க, அது சென்று சேரும் இடம் மட்டும் மாறவேண்டும் என்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். இருவரும் குற்றாலத்தில் நின்று பாடவில்லை. ‘உற்றார்’ என்னும் சொல்லுக்கு எதுகையாகக் ‘குற்றாலம்’ வந்து வாய்த்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை எனலாம். எதுகை கருதியே ஊர்ப்பெயர் வந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எதுகையும் ஒரு மரபை உண்டாக்கும். இரு பெரும் பாடல்களிலும் ஒரே ஊர் ஒரே வினாவோடு பிணைந்தபின், அவற்றை ஓதி வந்தவர்களின் நினைவில் குற்றாலம் ‘யார் உறவு’ என்று கேட்கும் ஊராகவே நின்றிருக்கும். ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திரசபை இங்கு அமைந்திருப்பதால் கூத்தன் என்ற பெயர் இன்று நமக்கு ஓவியத்தை நினைவூட்டுகிறது. அப்பெயரை ஆண்ட இவ்விரு பாடல்களிலோ அது உறவின் பெயராகவே அமைந்துள்ளது.

பராக்கிரம பாண்டியன் தாழ்த்திய தலை

மதுரையை இழந்த பாண்டியர் தெற்கே நெல்லைச் சீமையில் ஒடுங்கியிருந்த காலம் 15ஆம் நூற்றாண்டு. 1422இல் அரசேற்ற அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446இல் தென்காசிக் கோயில் திருப்பணியைத் தொடங்கினான். 1457இல் கோபுரப் பணியைத் தொடங்கினான். அது முடியுமுன் 1463இல் மறைந்தான். இறைவன் கனவில் தோன்றி, எறும்புகள் ஊர்ந்து செல்லும் வழியே சென்று சேருமிடத்தில் கோயில் எழுப்பச் சொன்னான் என்பது தலவரலாறு. வடகாசிக்குச் செல்ல இயலாதவர்க்காகத் தெற்கே ஒரு காசி என்ற நோக்கமும் சொல்லப்படுகிறது. தலைநகரை இழந்த மரபினர் புதியதொரு நடுவிடத்தை உண்டாக்கிக்கொள்ள முயன்றதன் அடையாளமாகவும் இக்கோயிலைக் கொள்ளலாம். அந்த விளக்கம் தவறன்று. அதனால் மட்டும் விளங்காத சான்று ஒன்று கோயிலிலேயே உள்ளது: அவன் பெயரால் அமைந்த கல்வெட்டுப் பாடல்கள். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் தம் பாண்டியர் வரலாற்றில் இவற்றை எடுத்துக்காட்டியுள்ளார்.

அவற்றுள் ஒரு பாடல் இவ்வாறு பொருள்படும்: இக்கோயிலுக்கு வரக்கூடாத குறை ஒன்று வந்துவிட்டால், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும், உலகத்தார் அறிய அவர்களை நான் பணிந்தேன். மற்றொரு பாடல் இன்னும் நுட்பமானது. மனத்தால் வகுத்துப் பார்க்கவும் எட்டாத இக்கோயிலை வகுப்பதற்கு இறைவன் தானே முன்னின்று என்னைப் பணிகொண்டான். இனி இதனை நினைந்து போற்றிக் காக்கும் அரசர்களின் அடிகளை என் தலைமேல் தாங்கினேன் என்கிறது.

காப்பவர் திருவடியைத் தலைமேல் கொள்வதாகச் சொல்வது சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் வழக்கமான முடிவுத்தொடர். ஆகவே இப்பணிவு முழுவதையும் இவ்வரசனின் தனி உள்ளத்திலிருந்து பிறந்ததாகக் காட்டுவது வரலாற்று நெறியாகாது. ஆயினும் மூன்று வேறுபாடுகள் உள்ளன. வழக்கமான தொடர் பெரும்பாலும் ஒரு சாபத்தோடு இணைந்து வரும். அறத்தை அழித்தவன் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்பது அதன் வாய்பாடு. இவ்விரு பாடல்களிலும் சாபம் இல்லை. அடுத்து, வழக்கமான தொடர் கொடையைக் காப்பது பற்றியது. இங்கோ பேசப்படுவது பழுது. கட்டி முடியாத கோயிலுக்கு வரப்போகும் சிதைவை அதைக் கட்டுகிறவனே முன்னதாக எண்ணுகிறான். என்றும் அழியாதது என்று தன் பணியை அவன் புகழ்ந்துகொள்ளவில்லை. மூன்றாவதாக, ஆவணத்தின் இறுதியில் எழுத்தர் சேர்க்கும் ஒரு வரியாக இருந்ததை அவன் தனிப்பாடலாக, தன் பெயரோடு, தன் வாய்மொழியாக ஆக்கியிருக்கிறான்.

இவற்றுள் மனத்தால் வகுக்கவும் எட்டாத கோயில் என்னும் கருத்தே எனக்கு முதன்மையாகப் படுகிறது. இதனைப் பெரியபுராணத்துப் பூசலார் வரலாற்றோடு வைத்து நோக்கவேண்டும். திருநின்றவூர்ப் பூசலார் பொருள் தேடியும் கிடைக்காமல் மனத்திலேயே கோயில் கட்டினார். அதேகாலத்தில் காடவர்கோன் காஞ்சியில் கற்கோயில் எடுத்தான். இறைவன் அரசன் கனவில் தோன்றி, நாளை நாம் பூசலார் கோயிலில் புகுவோம், நீ உன் குடமுழுக்கைத் தள்ளி வை என்றான். கற்கோயில் கட்டிய அரசன் மனக்கோயில் கட்டியவரின் அடிபணிந்ததாகக் கதை முடிகிறது.

சைவ மரபில் வளர்ந்த எந்த அரசனுக்கும் இக்கதை ஓர் உறுத்தலாகவே இருந்திருக்கும். பொன்னும் ஆளும் உடையவன் எழுப்பும் கோயிலுக்கு உள்ளத்தின் சான்று என்ன? இப்பாடலில் அதற்கு விடை காணலாம் என்பது என் துணிபு. தன் கோயில் மனக்கோயிலைவிடப் பெரியது என்று அவன் சொல்லவில்லை. தன் மனத்தால் இதனை எண்ணியிருக்கவும் முடியாது என்றே சொல்கிறான். எண்ணமும் தன்னுடையதன்று, செயலும் தன்னுடையதன்று; ஆட்கொண்டவன் ஒருவன், ஆட்பட்டவன் தான். காடவர்கோன் கதையின் இறுதியில் பணிந்தான். பராக்கிரம பாண்டியனோ கண்ணால் காணாத, பெயர் அறியாத, இன்னும் பிறவாத மனிதர்களைப் பணிந்தான். அரசர் தம் அறத்தைத் தம் வழித்தோன்றல்களிடம் ஒப்படைப்பதே இயல்பாகியிருக்க, எவராயினும் என்று அவன் திறந்துவிட்ட வாயில், அண்டையிலுள்ள குற்றாலத்தோடு பிணைந்த பழைய வினாவுக்கு ஒரு புதிய மறுமொழியாகிறது.

இவ்விடத்தில் மிகையுரையைத் தவிர்க்கவேண்டும். ஒரு பாடல் எவராயினும் என்று கூறினாலும், மற்றொன்று அரசர்களையே குறிக்கிறது. அவன் கண்முன் இருந்தவர் பின்வரும் மன்னர்களாதல் கூடும். இன்றைய சமத்துவப் பொருளை அச்சொல்லில் ஏற்றுவது பொருந்தாது. தமிழகக் கோயில்களின் வாயில்கள் பலருக்கு நெடுங்காலம் அடைத்தே கிடந்தன. 1939இல் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் நிகழ்ந்த நுழைவுக்கும் 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டத்துக்கும் பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது. பணிந்த தலையைப் புகழ்வோர் அடைத்த கதவையும் சேர்த்தே எழுதவேண்டும்.

கருவையும் குறவஞ்சியும்

தென்காசிப் பாண்டியரின் பிற்கால மரபில் அதிவீரராம பாண்டியனும் வரதுங்கராம பாண்டியனும் புலவர்களாகவும் விளங்கினர். இன்றைய தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்கு வடக்கே உள்ள கரிவலம்வந்தநல்லூர் இவர்கள் போற்றிய தலம். அதன் பழம்பெயர் திருக்கருவை. அங்குள்ள பால்வண்ணநாதர்மேல் பாடப்பெற்ற அந்தாதிகளை இயற்றியவர் இவ்விருவருள் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவற்றுள் பதிற்றுப்பத்தந்தாதியைக் குட்டித் திருவாசகம் என்று வழங்குவர். மாணிக்கவாசகரின் உருக்கம் இவ்வரச மரபுக்குள் புகுந்ததற்கு அப்பெயரே சான்று. வரதுங்கனுக்கு மகப்பேறு இல்லை என்றும், அவன் இறந்தபோது இறைவனே மகனாய் நின்று இறுதிக்கடன் செய்தான் என்றும் அக்கோயிலின் மரபுரை கூறும். இது வரலாறு அன்று. ஆயின் ஒரு வட்டாரத்தின் உள்ளம் எதனை விரும்பியது என்பதற்கு இத்தகைய கதை கல்வெட்டுக்குக் குறையாத சான்று. உயிர் பிரியும்போது உறவு யார் என்று நாவுக்கரசர் கேட்ட வினாவை இக்கதை சொல்லுக்குச் சொல் நிறைவேற்றுகிறது.

18ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சி இதே இறைவனை வேறொரு வகையில் காட்டுகிறது. அங்கே வசந்தவல்லியின் உள்ளம் அமைதியுற்றதன்று. உலாவரக் கண்ட திரிகூடநாதர்மேல் காதல்கொண்டு நோயுற்றது. நிலவும் தென்றலும் அவளைச் சுடுகின்றன. தோழியரின் மருந்து பயன்படவில்லை. குறத்தி வந்து கையைப் பார்த்துச் சொல்லும் சொல்லே ஆறுதலாகிறது. இந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் வழங்கிய நிலம் குறவஞ்சி மேடு எனப்பட்டது. உள்ள நலம் என்பது கலக்கமின்மையே என்று கொள்ளும் கருத்தைக் குற்றாலத்துக் கவிஞர் ஏற்றிருக்கமாட்டார்.

கோபுரத்தின் பழுது

பராக்கிரம பாண்டியன் அஞ்சியது நிகழ்ந்தது. அவன் தொடங்கி, அவன் இளவல் குலசேகர பாண்டியன் முடித்த கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, மேல்நிலைகள் இன்றி நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. அவன் பணிந்து வரவேற்ற அரசர் எவரும் அதற்குள் எஞ்சியிருக்கவில்லை. ஆங்கில ஆட்சி வந்து போயிற்று, மக்களாட்சி வந்தது. சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியில், பலர் தந்த பொருளைக்கொண்டு ஒன்பது நிலைக் கோபுரம் மீண்டும் எழுந்து, 1990இல் குடமுழுக்குக் கண்டது. முதன்முறை அக்கோபுரத்தை முடித்தவன் அவன் உடன்பிறந்தான். இரண்டாம் முறை முடித்தவர்கள் அவனைக் கல்லில் எழுதிய பாடல்களால் அறிந்தவர்கள்.