ஆறு பெண்களின் குருதி

நிர்ப்பீடனத்தை மாணவர்க்குக் கற்பிக்கும்போது கோட்டை காக்கும் படையினை உவமையாகக் கூறுவது நம் வழக்கம். வெண்குருதிக் கலங்கள் வீரர், நோய்க்கிருமி பகைவன். எச்.ஐ.வி. ஆராய்ச்சியின் வரலாறு இவ்வுவமையின் போதாமையைக் காட்டிவிட்டது. அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் யாழ்ப்பாணத்திலிருந்து பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டிலேயே எழுதப்பட்டது.

எயிட்ஸ் மேல்நாட்டார் நோய், நம் பண்பாடே நமக்குக் கவசம் என்ற வீண்பெருமை அன்று அங்கு நிலவியது. (இப்பெருமை நமக்கும் அந்நியமானதன்று.) சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சொலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதனைச் சோதனைக்கு உள்ளாக்கினர். அரசு இல்லமொன்றில் அடைத்துவைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளரிடம் நிர்மலா குருதி எடுத்தார். கையுறைகூட இல்லை. எண்பதுக்கு மேற்பட்ட மாதிரிகள் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலே காத்திருந்தன. எதற்காகக் குருதி எடுக்கப்படுகிறது என்பதை அப்பெண்கள் அறியார். 1986 பெப்ரவரியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாயின. அவ்வாண்டு மே மாதம் செய்தி சட்டசபைக்கு எட்டியது.

அந்த மஞ்சள் நிறம் வைரசைக் காட்டவில்லை. அதனை எதிர்த்து உடல் ஆக்கிய பிறபொருளெதிரியையே காட்டியது. உடலின் எதிர்ப்பே நோயின் முதற்சாட்சியாயிற்று என்பது நோக்கற்பாலது. பின்னர் வந்த ஆய்வாளர் வேறு சாட்சிகளையும் குருதியிலே கண்டனர்: கிளர்ச்சியுற்ற கலங்கள் வெளிவிடும் நியோப்தெரின், சீ.டி. 8 கலங்களின் மேற்பரப்பில் மிகுந்து தோன்றும் சீ.டி. 38, எச்.எல்.ஏ.-டி.ஆர். என்னும் புரதங்கள். இவை மிகுந்திருப்பின் படை ஓய்வின்றிப் போர்க்கோலம் பூண்டிருக்கிறது என்பது பொருள். இவ்வோயாமையே கேடு. கிளர்ச்சியுற்ற சீ.டி. 4 கலங்களிலேதான் வைரசு நன்கு பெருகும். பெருக்கம் மேலும் கிளர்ச்சியைத் தூண்டும். 1999 இல் லொஸ் ஏஞ்சல்சில் ஜானிஸ் ஜியோர்ஜி குழுவினர் வெளியிட்ட ஆய்வு, முற்றிய நோயாளரின் ஆயுட்காலம் வைரசின் அளவைக் காட்டிலும் இக்கிளர்ச்சியோடே நெருங்கிய தொடர்புடையது என்று காட்டியது. கிளர்ச்சி ஏன் தணிவதில்லை? 2006 இல் ஒரு விடை கிடைத்தது. வைரசு குடற்சுவரிலுள்ள சீ.டி. 4 கலங்களை அழிக்க, சுவரின் காப்புக் குலைந்து, குடல்வாழ் பற்றீரியாக்களின் கூறுகள் குருதியிலே கசிகின்றன. அபாயமணி நிற்பதேயில்லை. மருந்து வைரசை அடக்கிய பின்னரும் பலரிடம் கிளர்ச்சி முற்றாக அடங்குவதில்லை. இருதய நோய் போன்றவற்றோடும் அது தொடர்புபடுகிறது.

குருதி தந்த பெண்களுக்கு என்ன கிடைத்தது? 1986 இல் மருந்து இல்லை. முதல் மருந்தான ஏ.சீ.ரி. மறு ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விலை ஏழைக்கு எட்டாதது. தமிழ்நாட்டிலோ, எச்.ஐ.வி. இருந்தமையினாலேயே விடுவிக்கப்படாத பெண்களுக்காக 1990 இல் உயர் நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியிருந்தது. இந்திய அரசு இலவச மருந்து வழங்கத் தொடங்கியது 2004 ஏப்ரிலில். தாம்பரம் ஆஸ்பத்திரி அவ்வாறு வழங்கிய முதல் நிலையங்களில் ஒன்று. அந்த ஆறு மாதிரிகள் மஞ்சளாகிப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.