படுக்கையில் கைபேசி பார்ப்பதும் கண் நலமும்

விளக்கை அணைத்துவிட்டு, படுத்தபடியே கைபேசி பார்ப்பவர்களுக்குக் கண் எரிச்சல், தலைவலி, மங்கலான பார்வை ஆகியவை ஏற்படுவது உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை தற்காலிகமானவை. கைபேசித் திரையின் ஒளி விழித்திரையை எரித்துவிடும் என்ற அச்சத்திற்குச் சான்று இல்லை. ஆயினும், கண்ணில் தோன்றும் எல்லாத் தொல்லைக்கும் கைபேசியையே காரணமாகக் கருதிக் காத்திருப்பது ஆபத்தானது. செம்மேட்டிலிருந்து காரவள்ளி வழியாகச் சமவெளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். எனவே, எந்த அறிகுறி காலை வரை பொறுக்கலாம், எது பொறுக்கக் கூடாது என்பதை நோயாளியும் உடனிருந்து கவனிப்பவரும் முன்னரே அறிந்திருத்தல் நல்லது.

எரிச்சலும் மங்கலும் ஏன் ஏற்படுகின்றன?

சாதாரணமாக நாம் நிமிடத்திற்குச் சுமார் 15 முறை கண் இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது இது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. இமைக்கும்போதுதான் கண்ணீர் கண்பரப்பில் சீராகப் பரவுகிறது. இமைப்பது குறைந்தால் கண்ணீர்ப் படலம் உலர்ந்து, மணல் விழுந்தது போன்ற உறுத்தல் உண்டாகும். விறகடுப்புப் புகை தங்கும் வீடுகளில் இந்த உறுத்தல் மேலும் மிகும்.

அடுத்தது தொலைவு. குளிர்காலத்தில் மலையில் பிள்ளைகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, அதற்குள்ளேயே கைபேசி பார்ப்பதுண்டு. 40 செ.மீ. தொலைவில் இருக்க வேண்டிய திரை அப்போது 20 செ.மீ. தொலைவுக்கு வந்துவிடும். தொலைவு பாதியாகும்போது, பார்வையைக் குவிக்கக் கண்ணின் உள்தசை இருமடங்கு உழைக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்கள் ஒருக்களித்துப் படுத்துப் பார்க்கையில் கண்ணாடி நகர்ந்துவிடுவதால், சரியான கண்ணாடி அணிந்திருந்தும் தலைவலி வருகிறது.

இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பாலுள்ள பொருளை இருபது விநாடிகள் பாருங்கள். உட்கார்ந்து, அறையில் விளக்கு எரியும்போது பாருங்கள். எரிச்சலுக்காக மருந்துக்கடையில் நீங்களாகவே சொட்டு மருந்து வாங்காதீர்கள். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு உள்ளது. அதை மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடர்ந்து இட்டால் கண் அழுத்த நோயும் கண்புரையும் உண்டாகலாம். பச்சிலைச் சாறு, தாய்ப்பால் ஆகியவற்றையும் கண்ணில் விட வேண்டாம். கிருமித்தொற்றால் கருவிழியில் புண் ஏற்பட்டால் நிரந்தரத் தழும்பு விழும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் செலவிடத் தேவையில்லை. 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, கண் களைப்பைக் குறைப்பதில் சாதாரணக் கண்ணாடியைவிட அது மேலானது எனக் காணவில்லை. இரவில் திரை பார்ப்பது உறக்கத்தைத் தள்ளிப்போடும் என்பது வேறு. அதற்கு மருந்து, படுக்கைக்குச் செல்லுமுன் கைபேசியை அப்பால் வைப்பதே.

இருட்டில் ஒரு கண் மட்டும் தெரியவில்லை என்றால்

2016-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், இங்கிலாந்தைச் சேர்ந்த இரு பெண்களைப் பற்றிய மருத்துவக் குறிப்பு வெளியானது. ஒருவருக்கு வயது 22, மற்றவருக்கு 40. இருவருக்கும் ஒரு கண்ணில் மட்டும் அவ்வப்போது பார்வை மறைந்து திரும்பியது. நாற்பது வயதுப் பெண்ணுக்கு அது 15 நிமிடங்கள் வரை நீடித்ததால் இரத்தக்குழாய் அடைப்பு என ஐயுற்று ஆஸ்பிரின் கூடத் தொடங்கப்பட்டிருந்தது. காரணம் எளியது. ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண் தலையணையில் மூடியிருக்க, மற்றொரு கண்ணால் அவர்கள் கைபேசி பார்த்திருந்தனர். மூடிய கண் இருட்டுக்குப் பழகியது. திறந்த கண் வெளிச்சத்திற்குப் பழகியது. திரையை அணைத்ததும் வெளிச்சத்திற்குப் பழகிய கண் சிறிது நேரம் குருடானதுபோல் தோன்றியது. இது தீங்கற்றது.

உங்களுக்கும் இவ்வாறு நேர்ந்தால், மறுநாள் இரு கண்களாலும் பார்த்துச் சோதியுங்கள். கைபேசிதான் காரணம் எனில் மீண்டும் வராது. ஆனால் கைபேசி பார்க்காதபோதோ பகலிலோ ஒரு கண்ணின் பார்வை மறைந்தால், திரை இறங்குவதுபோல் நிழல் விழுந்தால், மின்னல் கீற்றுகளும் கரும்புள்ளிகளும் திடீரெனப் பெருகினால், அது வேறு. விழித்திரை விலகலாகவோ பக்கவாதத்தின் முன்னறிவிப்பாகவோ இருக்கலாம். பார்வை தானாகவே திரும்பிவிட்டாலும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். உடன் வாய் கோணல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

முதியோருக்கு ஓர் எச்சரிக்கை

இருட்டில் கண்பாவை விரிகிறது. கண்ணின் நீர் வடியும் கோணம் இயற்கையிலேயே குறுகலாக உள்ள சிலருக்கு, அப்போது நீர் வடிவது தடைபட்டுக் கண் அழுத்தம் திடீரென உயரலாம். கண் சிவந்து, கடுமையாக வலிக்கும், விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரியும், வாந்தியும் வரும். வாந்தியைக் கண்டு பித்தம் என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ வீட்டில் இருத்திவிடக் கூடாது. சில மணி நேரத் தாமதமும் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடும். இரவானாலும் காத்திருக்க வேண்டாம்.

குழந்தைகள்

பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை கூடுவதற்கு, நெடுநேரம் அருகில் உற்றுப் பார்ப்பதும் வெளியில் விளையாடாததும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்கச் செய்த மாணவரிடையே, மூன்றாண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 விழுக்காடு. மற்றவரிடையே ஏறத்தாழ 40 விழுக்காடு. கொல்லிமலைப் பிள்ளைகளுக்கு வெட்டவெளிக்குக் குறைவில்லை. பள்ளி விட்டதும் அவர்களை வெளியே அனுப்புங்கள். இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மிகக் கூடாது என உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்பாவை மட்டும் வெண்மையாகத் தெரிந்தால் உடனே காட்டுங்கள். கண்ணுக்குள் கட்டி வளர்வதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

சர்க்கரை நோயாளிகள்

"போன் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது" என்று வருவோரில் சிலருக்கு உண்மையில் இருப்பது சர்க்கரை நோயால் வந்த விழித்திரைப் பாதிப்பு. அதற்கு வலி இல்லை. தொடக்கத்தில் மங்கலும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் வாயிலாக மாத்திரை வீட்டுக்கே வந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனைக்கு நீங்கள்தான் வர வேண்டும். பரிசோதனைக்காகக் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இடப்பட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அந்நிலையில் இருசக்கர வாகனம் ஓட்டி மலையேறக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்.

ஐயம் இருப்பின் 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். அழைக்கும்போது எந்தக் கண், எப்போது தொடங்கியது, வலி உண்டா, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பவற்றைச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் புறப்படுகையில் உட்கொள்ளும் மாத்திரைகளையும், பழைய கண்ணாடியையும், கண்ணில் ஏற்கெனவே இட்ட மருந்துப் புட்டியையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.