துணை என்ற சொல்

குஜிலியம்பாறைப் பக்கம் வானம் பார்த்த பூமி. விடியுமுன் எழுந்து பட்டியைக் கூட்டி, தண்ணீர் சுமந்து, சோறாக்கி வைத்துவிட்டு, கடலைக் காட்டில் களையெடுத்துத் திரும்பும் ஒரு பெண்ணிடம் "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "நான் சும்மா வீட்டுலதான் இருக்கேன், அவருதான் விவசாயம்" என்பார். அரசாங்கப் படிவமும் அப்படியே எழுதிக்கொள்ளும்.

கடல் கடந்து நம் வட்டாரத்துக்கு வந்த ஓர் அமைப்பும் இதே கணக்கைத்தான் வைத்திருந்தது. பாஸ்டனிலிருந்து இயங்கிய அமெரிக்கன் போர்டு என்ற கிறித்தவ மிஷன் 1834இல் மதுரையிலும் 1835இல் திண்டுக்கல்லிலும் பணியைத் தொடங்கியது. அதன் அறிக்கைகளில் ஆண்கள் 'மிஷனரி'கள். அவர்களுடன் வந்த மனைவியர் 'துணை மிஷனரி'கள்.

1847இல் இந்த மதுரை மிஷனுக்கு, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி வந்து சேர்ந்தனர். கணவர், மருத்துவரான ஜான் ஸ்கடர். மனைவி ஹாரியட். ஸ்கடர் இங்கே மருத்துவப் பணி செய்தார் என்று வரலாறு சொல்கிறது. ஹாரியட் என்ன செய்தார்?

அவருக்கு இது முதல் பயணம் அல்ல. 1819 ஜூனில், இருபதுகளின் நடுவில் இருந்தபோது, கைக்குழந்தையோடு பாஸ்டனில் கப்பல் ஏறினார். பல மாதக் கடல் பயணத்துக்குப் பின் கல்கத்தாவில் இறங்கினார்கள். குழந்தை அங்கேயே இறந்தது. பிறகு யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு, 1836இல் சென்னை. இடையில் பிரசவங்கள், குழந்தைச் சாவுகள். தப்பிப் பிழைத்த பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ள முடியவில்லை. படிப்புக்காகச் சிறுவயதிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஒரு கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்காகும் காலம் அது.

1842இல் ஊர் திரும்பிய ஸ்கடர், நான்கு ஆண்டுகள் அங்கே ஊர் ஊராகச் சென்று, மிஷன் பணிக்கு வாருங்கள் என்று சிறுவர் சிறுமியரிடம் பேசினார். அந்த அழைப்புக்கு அந்த வீடு ஏற்கெனவே கொடுத்திருந்த விலையைச் சுமந்தவர் ஹாரியட். 1846இல் மறுபடியும் கப்பல். மதுரையில் சுமார் இரண்டு ஆண்டுகள். பிறகு சென்னை. 1849 நவம்பரில் அங்கே அவர் இறந்தார்.

முப்பது ஆண்டுகள். இந்த முப்பது ஆண்டுகளில் அவர் பெற்றதும் வளர்த்ததும் புதைத்ததும் பிரிந்ததும் அந்த மிஷனை நடத்தியன. அவருடைய ஏழு மகன்கள் இந்தியாவில் மிஷனரிகள் ஆனார்கள். ஆற்காடு மிஷனை நிறுவியவர்களும் அவர்களே. ஸ்கடர் குடும்பம் பல தலைமுறைகளாகச் செய்த சேவை மொத்தம் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டும் என்று பெருமையோடு கூட்டிச் சொல்வார்கள். அந்தப் பெருங்கணக்கின் முதல் வரியில் இருப்பது ஒரு துணை.

ஹாரியட்டைத் தியாகச் சிலையாக்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் கும்பிட்ட சாமிகள் பொய் என்று சொல்ல வந்த அமைப்பில் அவரும் ஒருவர். அத்தகைய மிஷன் வீடுகளில் சமைத்து, துவைத்து, பிள்ளை தூக்கிய உள்ளூர் ஆயாக்களுக்குத் 'துணை' என்ற பட்டம்கூட இல்லை. அவர்களின் பெயர்களைத் தேடினால் அறிக்கைகளில் பெரும்பாலும் வெற்றிடமே கிடைக்கும். ஓரத்துக்குத் தள்ளப்பட்டவளுக்குக் கீழேயும் ஓர் ஓரம் இருந்தது.

நிலைமை மெல்ல மாறியது. 1868இல் பாஸ்டனில் பெண்கள் தங்களுக்கென்று ஒரு மிஷன் சங்கம் தொடங்கி, தாங்களே பணம் திரட்டி, மணமாகாத பெண்களை அனுப்பினார்கள். 1884இல் மதுரைக்கு வந்த ஈவா ஸ்விஃப்ட் எவருக்கும் துணை அல்ல. ஹாரியட்டின் பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் மருத்துவராகத் திரும்பி வந்து வேலூரில் மருத்துவமனை எழுப்பினார். அவரும் மணம் செய்துகொள்ளவில்லை. சொந்தப் பெயரில் எழுதப்படுவதற்கு ஒரு பெண் மனைவியாகாமல் இருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

மனைவியாகவும் இருந்து, தன் உழைப்புக்குத் தன் பெயரையும் பெறுவது இன்னும் முடியாத வழக்கு. அடுத்த முறை குஜிலியம்பாறையில் ஒரு பெண் "சும்மாதான் இருக்கேன்" என்றால், அதைப் படிவத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள். விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதிலை முழுதாக எழுதுங்கள்.