கரிசல் ரோட்டில் ஒரு லிட்டர்

நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு. 1970-ல் இங்கே அரசு சிமெண்ட் ஆலை தொடங்கியபோது நாங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். அதற்கு முன் ஊருக்குள் 'பிளசர்' கார் வந்தால், கல்யாணம் அல்லது ஆஸ்பத்திரிக் கேஸ் என்று அர்த்தம். ஆலையோடு சுண்ணாம்புக்கல் லாரிகளும் அம்பாசிடர்களும் வந்தன.

என் மாமா வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டினார். 1489 சிசி எஞ்சின், ஒரு டன்னுக்கு மேல் எடை. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்தால் அவர் முகம் மலரும். 1973 அக்டோபரில் இஸ்ரேலை ஆதரித்த நாடுகளுக்கு அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து நவம்பரில் வாஜ்பாய் நாடாளுமன்றத்துக்கு மாட்டுவண்டியில் போனார். எங்கள் ஊரில் பருத்தி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் எப்போதும்போல் போய்க்கொண்டிருந்தன. தவித்தவர்கள் மாமா போன்ற வாடகை டிரைவர்கள்தான். மிச்சம் பிடிக்கும் வித்தையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் காலம்.

அதை வித்தை என்றே சொல்வேன். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல், மாவாக நொறுங்கிப் பறக்கும். அந்தத் தூசி ஏர் ஃபில்டரை அடைத்தால் எஞ்சினுக்குக் காற்று போதாது, பெட்ரோல் முழுதாக எரியாது. மாமா ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யாமல் வண்டியை எடுத்ததில்லை. பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். பிஸ்கட் நிறமென்றால் சரி. கரி படிந்திருந்தால் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பிக் கலவையைக் குறைப்பார். டாப் கியரில் ஐம்பதைத் தாண்ட மாட்டார். அதிலும் கணக்கு இருக்கிறது: வேகம் இரண்டு மடங்கானால் எதிர்க்காற்றின் தடை நான்கு மடங்காகும். சிவகாசி சாட்சியாபுரம் ரயில்வே கேட் மூடியிருந்தால், சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார். "நிக்கிற வண்டி குடிக்கிறதுக்கு யாருடே காசு குடுக்கா?" என்று கேட்பார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி. எடையும் அம்பாசிடரில் பாதியை ஒட்டித்தான். சிவகாசிக்கு அது முதலிலேயே வந்துவிட்டது. எங்கள் பக்கம் தொண்ணூறுகளில், பழைய வண்டியாகத்தான் வந்து சேர்ந்தது. நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். லிட்டருக்குப் பதினாறு கிடைத்தபோது மாமாவால் நம்பவே முடியவில்லை.

மாமாவின் இன்னொரு வித்தை இன்று செல்லாது. ஓடைப் பாலத்து இறக்கத்தில் அவர் நியூட்ரலில் விடுவார். இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமலிருக்கக் கொஞ்சம் எரித்துக்கொண்டே இருக்கும். பிரேக்கின் மேல் மொத்தச் சுமையும் விழுவது இன்னொரு ஆபத்து. இளைஞர்கள் இன்னும் இதைச் செய்வதைப் பார்க்கையில் பதறுகிறது.

கம்பெனி சொல்லும் மைலேஜ், சோதனைக் கூடத்தில் உருளைகள் மேல் சக்கரத்தைச் சுழற்றி எடுத்தது. அந்த உருளைக்கு எதிரே லாரி வராது. எங்கள் ஒற்றைத் தார் ரோட்டில் லாரி வந்தால், சின்ன கார்தான் இறங்க வேண்டும். மழையில் கரிசல் உப்பி, வெயிலில் சுருங்கி, தாரின் ஓரம் சாண் உயரத்துக்குப் பள்ளமாகியிருக்கும். நின்று, இறங்கி, முதல் கியரில் ஏறி, மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். சின்ன காரில் மிச்சமாகும் பெட்ரோலில் ஒரு பங்கு இப்படித்தான் போகிறது. எத்தனை நல்ல டிரைவரானாலும் இதைத் தடுக்க முடியாது.

ரோட்டுக்குப் பொறுப்பானவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் தாரின் இரு ஓரமும் சரளை கொட்டி, ரோட்டு மட்டத்துக்கு இறுக்கிக் கொடுங்கள்.