மார்கோ கேனடே

மார்கோ கேனடே அமெரிக்க வரலாற்றாய்வாளர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அரசும் பணியிடமும் தன்பாலீர்ப்பாளர்களை எப்படி நடத்தின என்பதே இவரது ஆய்வுக்களம்.

தொடக்கம்

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 2003இல் வெளியான இவரது கட்டுரை, 1944ஆம் ஆண்டின் ஜி.ஐ. சட்டத்தை ஆராய்ந்தது. போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்குக் கல்வி உதவியும் வீட்டுக்கடனும் தந்த அந்தச் சட்டத்தின் பயன்கள், தன்பாலீர்ப்பைக் காரணம் காட்டி 'ப்ளூ டிஸ்சார்ஜ்' என்ற பணிவிலக்குச் சான்று கொடுத்து இராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்டதை அது காட்டியது.

அரசைப் பற்றிய ஆய்வு

முதல் நூலான 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டேட்' (2009) குடிவரவு, இராணுவம், சமூகநலம் ஆகிய மூன்று துறைகளை ஆராய்கிறது. நூற்றாண்டின் தொடக்கத்தில் குடிவரவு அதிகாரிகளிடம் தன்பாலீர்ப்புக்கென்று தனி விதி இல்லை. 'அரசுக்குப் பாரமாகக்கூடியவர்' என்ற பிரிவைக் கொண்டே சிலரைத் திருப்பி அனுப்பினர். 1952ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 'உளப்பிறழ்வு ஆளுமை' என்ற பெயரில் கதவை அடைத்தது. கனடாவைச் சேர்ந்த கிளைவ் பூட்டிலியேயின் வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நிர்வாக இயந்திரம் வளர வளர, யார் முழுக் குடிமகன் என்ற வரையறையும் இறுகியது என்பது நூலின் முடிவு. இந்நூலுக்கு எல்லிஸ் ஹாலி பரிசு கிடைத்தது.

வரலாற்றாய்வாளர்கள் நான்சி காட், ராபர்ட் செல்ஃப் ஆகியோருடன் 'இன்டிமேட் ஸ்டேட்ஸ்' (2021) என்ற தொகுப்பையும் பதிப்பித்தார்.

உழைப்பைப் பற்றிய ஆய்வு

தன்பாலீர்ப்பாளர்களின் பணிவாழ்வைப் பற்றிய 'குயர் கரியர்' (2023) நூலுக்காக 150க்கும் மேற்பட்டோரை நேர்கண்டார். 1953இல் அதிபர் ஐசனோவர் பிறப்பித்த ஆணை அரசுப் பணியிலிருந்து தன்பாலீர்ப்பாளர்களை வெளியேற்ற வழிசெய்தது. தனியார் நிறுவனங்களில் நிலைமை வேறு: பலருக்குத் தெரிந்தே இருந்தது, யாரும் வாய்திறக்கவில்லை. அடக்கமாக இருக்கும்வரை வேலை நீடிக்கும். விலையாகக் குறைந்த ஊதியத்தையும் ஓயாத அச்சத்தையும் ஏற்க வேண்டும். எதிர்த்துப் பேச இயலாதவர் என்பதாலேயே முதலாளிகள் இவர்களை விரும்பினர் என்கிறார் கேனடே. பிற்காலத்தில் எல்லாத் தொழிலாளர்களையும் சூழ்ந்த நிலையற்ற வேலைமுறைக்கு இதை முன்னோடியாகக் காண்கிறார்.

முக்கியத்துவம்

பாலியல்பைக் காரணமாக்கிப் பணிநீக்கம் செய்வது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல்தான் தீர்ப்பளித்தது. சட்டப் பாதுகாப்பு இல்லாத நெடுங்காலத்தில் உழைத்தவர்களைத் தொழிலாளர் வரலாற்றுக்குள் உரிய இடத்தில் நிறுத்தியது கேனடேயின் அரிய பங்களிப்பு. வேலை கிடைத்தது என்பதாலேயே உரிமையும் கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்பதை இவரது ஆய்வுகள் அழுத்தமாக நிறுவுகின்றன.