ஆணி அடிக்காத பரண்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கி மான் வேட்டைக்கு உரிமம் வாங்குவோர் ஆண்டுதோறும் 5 லட்சத்துக்கும் மேல். நவம்பரில் வரும் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை, விடிவதற்குள் அவர்கள் காட்டுக்குள் இடம்பிடித்திருப்பார்கள். சொந்தத் தோப்பும் காடும் வைத்திருப்பவருக்குப் பிரச்சினை இல்லை. மற்றவர்களுக்கு அரசுக் காடுதான் கதி. மரத்தில் பரண் கட்டி ஏறுவதா, தரையில் கூடாரம் போட்டு ஒளிந்துகொள்வதா என்று அவர்கள் மூச்சுவிடாமல் வாதிடுவார்கள். கேட்பவருக்கு இது மானின் குணத்தைப் பற்றிய வாதமாகத்தான் தோன்றும். வரலாற்றைப் புரட்டினால், மானுக்கு இணையாக மரத்தின் சொந்தக்காரரும் பக்கத்துப் புதரில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரரும் அதை முடிவு செய்திருக்கிறார்கள்.

வட அமெரிக்க மண்ணின் பழைய வேட்டையில் பரணுக்குப் பெரிய இடம் இருந்ததாகத் தெரியவில்லை. 1591இல் தியோடர் டி பிரை வெளியிட்ட செப்புத்தகட்டுப் படம் ஒன்றில், ஃப்ளோரிடாவின் திமுக்குவா மக்கள் முழு மான்தோலைப் போர்த்திக்கொண்டு ஓடைக்கரையில் நிற்கிறார்கள். மானின் தலை அவர்கள் தலைமேல். அதன் கண் துளைகள் வழியே பார்த்துக்கொண்டே அம்பு தொடுக்கிறார்கள். வடக்கே ஹியூரன் மக்கள் கூட்டமாக வேட்டையாடினார்கள். 1615இல் அவர்களோடு இருந்த பிரெஞ்சுக்காரர் சாமுவேல் த ஷாம்ப்ளேன், இரு கைகளாக விரிந்து ஒரு மூலையில் குறுகும் மரவேலியை விவரித்திருக்கிறார். ஆட்கள் ஓசையெழுப்பி விரட்ட, மான்கள் அந்த மூலையில் போய் மாட்டும். 38 நாளில் 120 மான்கள் என்பது அவர் தரும் கணக்கு. 19ஆம் நூற்றாண்டிலும் கெட்டிக்கார வேட்டைக்காரன் என்றால் நடப்பவன்தான். 1882இல் டி. எஸ். வான் டைக் எழுதிய புத்தகம் ஒன்று முழுக்க முழுக்க, காய்ந்த இலை நொறுங்காமல் அடியெடுத்து வைத்து மானை நெருங்கும் கலையைப் பற்றியது.

பிறகு மானே இல்லாமல் போகும் நிலை வந்தது. இறைச்சிக்கும் தோலுக்கும் சந்தை வேட்டை, கூடவே காடழிப்பு. 1900 வாக்கில் நாடு முழுக்க எஞ்சிய வெண்வால் மான்கள் 5 லட்சம்கூட இருக்காது என்பது பொதுவான மதிப்பீடு. திருட்டு வேட்டைப் பொருள் மாநில எல்லை தாண்டுவதைத் தடுக்கும் லேசி சட்டம் அந்த ஆண்டே வந்தது. 1911இன் வீக்ஸ் சட்டம், கிழக்கே வெட்டித் தரிசாகக் கிடந்த காடுகளை மத்திய அரசு விலைக்கு வாங்க வழிசெய்தது. 1937இல் துப்பாக்கி, தோட்டா மீது விதித்த வரியை வனவிலங்குப் பணிக்கே ஒதுக்கினார்கள். இன்று மான்கள் 3 கோடி அளவில் இருக்கின்றன. காடும் பொது, மானும் பொது என்ற ஏற்பாட்டில்தான் இன்றைய தகராறுகளுக்கெல்லாம் விதை.

நடந்து தேடிய வேட்டையை உட்கார்ந்து காத்திருக்கும் வேட்டையாக மாற்றியதில் வில்லுக்குப் பெரிய பங்கு உண்டு. 1934இல் விஸ்கான்சின் வில்வேட்டைக்கென்றே தனிப் பருவம் அறிவித்தது. சூழலியல் எழுத்தாளராக உலகம் அறிந்த ஆல்டோ லியோபோல்ட் தன் கையாலேயே வில் செய்து வேட்டையாடியவர். மிச்சிகனில் வில் தயாரித்து வில்வேட்டையின் முகமாகவே ஆகிவிட்ட ஃப்ரெட் பேர் பெரும்பாலும் தரையில்தான் ஒளிந்தார். நாலு கிளையை ஒடித்து நட்டால் மறைப்பு தயார். ஆனால் அம்பு நம்பிக்கையோடு போய்ச் சேரும் தூரம் 20, 30 மீட்டர்தான். அந்தத் தூரத்தில் வில்லை இழுக்கக் கை அசைந்தாலே மான் பறந்துவிடும். தலைக்குப் பக்கவாட்டில் கண் வைத்த பிராணி. ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். மூக்கோ கண்ணைவிடக் கூர்மை. பதினைந்து, இருபது அடி மேலே போனால் பார்வைக் கோட்டிலிருந்து தப்பலாம். மனித வாடையும் ஓரளவு தலைக்குமேல் போய்விடும். 1969இல் ஹோலஸ் வில்பர் ஆலனுக்குக் காப்புரிமை கிடைத்த, கப்பி பூட்டிய காம்பவுண்ட் வில் வந்தபின் வில்வேட்டைக்காரர் கூட்டம் பெருகியது. கூட்டத்தோடு பரணும் பெருகியது.

தினைப்புனம் காத்த நம் குறிஞ்சிப் பெண்களின் பரணைப் போல, முதல் பரண்களும் கையில் கிடைத்த மரத்தில் கட்டியவைதான். கிளைக்கவட்டில் இரண்டு பலகை, ஏற நாலு குறுக்குக்கட்டை, அரைக்கிலோ ஆணி. சொந்தக் காட்டில் இதைக் கேட்க ஆளில்லை. அரசுக் காட்டிலோ அந்த மரம் நாளை மரஅறுப்பாலைக்குப் போக வேண்டியது. பட்டைக்குள் புதைந்த ஆணி ரம்பத்தின் பல்லை உடைக்கும், பக்கத்தில் நிற்பவரையும் பதம் பார்க்கும். இன்னொன்றும் உண்டு: ஆணியடித்த பலகை மெல்ல மெல்லப் பட்டா ஆகிவிடும். 'எங்கப்பா காலத்திலிருந்து இது எங்க மரம்' என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் பொதுக்காடு என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன? நிரந்தரப் பரணைப் பல மாநிலங்கள் பொதுநிலத்தில் தடைசெய்தன. மிச்சிகனில் மரத்தில் திருகி ஏற்றும் படிகளுக்கும் அனுமதியில்லை.

தடைகள் பெருகிய அதே காலத்தில்தான் கையோடு கொண்டுபோகும் பரண் பரவியது. 1970களில் பேக்கர் என்ற பெயரில் ஒன்று பிரபலமானது. சின்ன மரத்தட்டு, அதிலிருந்து கிளம்பும் இரும்புச் சட்டம் மரத்தின் மறுபக்கத்தைச் சுற்றிப் பிடிக்கும். மரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கியபடி, தட்டின் நாடாவில் மாட்டிய பாதங்களால் தட்டை மேலே இழுக்க வேண்டும். பிறகு அதன்மேல் எழுந்து நின்று மறுபடி மேலே எட்டிப் பிடிக்க வேண்டும். புழு ஊர்வதுபோல இருபது அடி. மேலே போய்ச் சேர்வதற்குள் முன்கை உரிந்திருக்கும், மரப்பட்டையும் உரிந்திருக்கும். இரும்பு பிடி நழுவினால் தட்டோடு ஆளும் கீழே. பட்டைக் காயத்துக்காகவே சில பொதுநிலங்களில் இதற்கும் தடை விழுந்தது. அடுத்து வந்தவை சங்கிலியிலும் நாடாவிலும் மரத்தை இறுக்கிக்கொண்டன.

விழுந்து முதுகெலும்பு முறிந்த கதைகள் பெருகியதும் 1988இல் பரண் தயாரிப்பாளர்கள் சங்கம் அமைத்துத் தர விதிகளுக்கு வழிதேடினார்கள். அதுவரை பாதுகாப்பு என்று கட்டிக்கொண்ட இடுப்புப் பட்டை, விழுந்து தொங்குபவரின் மூச்சையே நெரித்தது. தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் அந்த இடத்துக்கு வந்தது.

1990களில் தரைக்கு மறுவாழ்வு கிடைத்தது. மினசோட்டாவின் டபுள் புல் போன்ற நிறுவனங்கள், பக்கங்களைத் தள்ளினால் குடைபோல 'டப்' என்று விரியும் துணிக்கூடாரங்களைச் செய்தன. உள்பக்கம் கறுப்பு, உள்ளே இருப்பவரும் கறுப்பு உடுத்தினால் வில்லை இழுப்பதுகூட வெளியே தெரியாது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகலாம், முழங்கால் தேய்ந்த தாத்தாவும் நாற்காலி போட்டு உட்காரலாம். ஆனால் நேற்றில்லாத ஒரு மேடு இன்று முளைத்திருப்பதை மான் கவனிக்கும். அது பழகும்வரை சில நாள் கூடாரம் அங்கேயே நிற்க வேண்டும், கிளைகளைச் செருகி அதன் உருவத்தைக் கலைக்கவும் வேண்டும். சொந்த நிலத்தில் சுலபம். பொதுநிலத்தில் திருடர் பயம், அதோடு சட்டம்.

அந்தச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதுதான் வேடிக்கை. மிச்சிகனில் பரணில் உரிமையாளரின் அடையாளத்தை எழுதி வைக்க வேண்டும். எழுதிவிட்டதால் இடம் அவருக்கே என்று ஆகிவிடாது. விஸ்கான்சினில் 64ஆம் நெடுஞ்சாலைதான் எல்லைக்கோடு: இயற்கை வளத்துறையின் நிலத்தில், அதற்கு வடக்கே என்றால் குறிப்பிட்ட மாதங்களில் பரணை இரவில் விட்டுவரலாம், தெற்கே என்றால் அன்றன்றைக்கே கழற்றித் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

நிற விதி இன்னும் சுவாரசியம். ஒருவரை ஒருவர் மானென்று சுட்டுவிடக் கூடாது என்று விஸ்கான்சின் 1945இல் வேட்டைக்காரருக்குச் சிவப்பு உடையையும், 1980இல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சையும் கட்டாயமாக்கியது. கூடாரத்துக்குள் இருப்பவரின் ஆரஞ்சு யாருக்குத் தெரியும்? ஆகவே துப்பாக்கிப் பருவத்தில் அங்கே பொதுநிலத்துக் கூடாரத்திலும் எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி 144 சதுர அங்குலம் பளீர் நிறம் வேண்டும் என்று விதி வந்தது. ஒளிவதற்கென்றே செய்த பொருள், நான் இங்கே இருக்கிறேன் என்று கூவ வேண்டும்! நல்லவேளை, மானுக்கு இரண்டே வகை நிற உணர்வு. நீலம் நன்றாகத் தெரியும், ஆரஞ்சு மங்கலாகத்தான் படும்.

கடந்த பத்தாண்டுகளில் பொதுநிலக்காரர்கள் பலர் தட்டு, கூடாரம் இரண்டையும் விட்டுவிட்டு, கயிற்றில் கட்டிய துணி இருக்கையில் மரத்தில் சாய்ந்து தொங்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தத் தூளி 1980களிலேயே கடைக்கு வந்தது. அப்போது சீந்துவார் குறைவு. பரணைத் தினமும் கழற்றிச் சுமந்து சலித்தவர்கள் இப்போது அதைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். மொத்தமும் ஒரு முதுகுப்பையில் அடங்கிவிடுகிறது. விட்டுவர எதுவும் இல்லாததால், நெடுஞ்சாலைக்கு எந்தப் பக்கம் என்ற கேள்வியும் எழுவதில்லை.